தம்பிக்குக் கஞ்சா பழக்கம்: கவுன்சிலிங் போதுமா, மையத்தில்தான் சேர்க்க வேண்டுமா?

மாடிப்படி

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். என் தம்பிக்கு 23 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு சாப்பாடு டெலிவரி வண்டி ஓட்டுகிறான். வீடு பெரம்பூர் பக்கம். படிக்கும்போது சனி ஞாயிறு நண்பர்களோடு என்று ஆரம்பித்த கஞ்சா இப்போது தினப்படி ஆகிவிட்டது. சாயங்காலம் ஆர்டர் எடுக்கப் போகும் முன் ஒன்று, ராத்திரி வந்ததும் மொட்டை மாடியில் இரண்டோ மூன்றோ. குடிப்பதில்லை, யாரிடமும் கை ஓங்குவதில்லை. ஆனால் சம்பாத்தியத்தில் பாதி அதற்கே போகிறது, சொன்னது எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை, சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அப்பா வெறுத்துப்போய் ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு மையத்தில் பேசி வைத்திருக்கிறார். ராத்திரியில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம், மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாதாம். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆபீஸில் ஒரு தோழி கவுன்சிலிங் கூட்டிக்கொண்டு போ என்கிறாள். அப்பா அதற்கு, "சித்தப்பா உட்கார வெச்சு ரெண்டு மணி நேரம் பேசினாரே, அது என்ன?" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பென்ஷன்தாரர்

அம்மா, உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. போதைக்காரனிடம் பேசிப் புண்ணியமில்லை. எங்கள் தெருவிலேயே பார்த்துவிட்டேன், பெற்றவள் காலில் விழுந்து அழுதாள், "இனிமே தொட மாட்டேன்மா" என்று சத்தியம் செய்தான், மறுநாள் பார்த்தால் அதே முக்கு, அதே கூட்டம். அடியாத மாடு படியாது. மூன்று மாதம் உள்ளே இருந்தால் உடம்பிலிருந்து எல்லாம் போய்விடும்.

மெரினா_வாக்கிங்

பென்ஷன்தாரர் சார், உடம்பிலிருந்து போய்விடும், சரி. மூன்று மாதம் கழித்து அவன் திரும்பி வருவது அதே மொட்டை மாடிக்குத்தானே? விவரமாக ராத்திரி எழுதுகிறேன், இப்போது வேலையில் இருக்கிறேன்.

மனநலப்பணி

மாடிப்படி, நான் இந்தத் துறையில் வேலை செய்கிறவன், மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, உட்கார்ந்து பேசுகிற ஆள். உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அவரிடமே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த இரண்டு மணி நேரத்தில் யார் அதிகம் பேசியது? சித்தப்பாதான் பேசியிருப்பார், தம்பி தரையைப் பார்த்தபடி "சரி சித்தப்பா, சரி சித்தப்பா" என்றிருப்பான். எங்கள் அறையில் இது தலைகீழாக நடக்க வேண்டும். வந்தவன் பேசுவான், நாங்கள் கேட்போம்.

முதல் நாள் நான் யாரையும் "விட்டுவிடு" என்று சொல்வதில்லை. கஞ்சாவில் உனக்கு என்ன கிடைக்கிறது என்றுதான் ஆரம்பிப்பேன். பெற்றோர் யாராவது கதவுக்கு வெளியே இருந்து இதைக் கேட்டால் என் மேல் பாய்வார்கள். ஆனால் கிடைப்பதைச் சொல்ல விட்டால்தான் இழப்பதையும் அவனே சொல்லுவான். "டென்ஷன் குறையுது, நல்லா தூக்கம் வருது" என்று ஆரம்பிப்பவன், கொஞ்ச நேரத்தில் "காலையில எந்திரிக்க முடியல, பசங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்க, நான் அங்கேயே நிக்கிறேன்" என்று வந்து நிற்பான். நாம் முந்திக்கொண்டு அதைச் சொல்லியிருந்தால் உடனே மறுத்துப் பேசியிருப்பான்.

ஒரு உதாரணம் (யாருடைய கதையும் இல்லை, இப்படித்தான் பேச்சு போகும் என்று காட்டுவதற்கு):

"குறைக்கணும்னு உனக்கு எவ்வளவு தோணுது? பூஜ்ஜியத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு."
"நாலு இருக்கும் சார்."
"நாலா. ஒண்ணோ ரெண்டோ சொல்லலையே, ஏன்?"
"அது... அம்மா நகையை வெச்சுதான் வண்டி எடுத்தாங்க சார்."
"ம்."
"மாசா மாசம் அதை மீட்கணும்னு நினைக்கிறேன். முடியல."

இதே இடத்தில் "ஏன் எட்டுன்னு சொல்லல?" என்று கேட்டுப் பாருங்கள். கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவான். கேள்வியைத் திருப்பிப் போட்டதால் குறைப்பதற்கான காரணத்தை அவனே தேட வேண்டியதாயிற்று. ஊக்கப்படுத்தும் பேச்சு என்கிற இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983ல் குடி நோயாளிகளுக்காக எழுதினார், பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து விரிவாக்கினார். கஞ்சாவுக்கும் இன்று முதலில் செய்வது இதைத்தான்.

இது பாதிதான். அடுத்த பாதி, எந்த நேரத்தில், எந்த மனநிலையில், யாரோடு இருக்கும்போது கை அதற்குப் போகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேறு என்ன செய்வது என்று பழகுவது. ஒரே நாளில் முடிகிற காரியமில்லை, வாரம் ஒரு முறை என்று சில வாரங்களாவது வர வேண்டும்.

கோயம்பேடு_கோபு

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்க என் வீட்டில் யாராவது இருந்திருந்தால் நான் கணக்கு பாடத்திலேயே பாஸ் ஆகியிருப்பேன். தொடருங்கள், படித்துக்கொண்டிருக்கிறேன்.

மெரினா_வாக்கிங்

சொன்னபடி வந்துவிட்டேன். நானும் இந்த வழியாக வந்தவன்தான். அப்போது ஓஎம்ஆரில் ராத்திரி ஷிஃப்ட். என்னை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, ஒரு பெண்ணோடு இருந்த உறவு முறிந்தபோது நானே போனேன். விடுவதற்காகக்கூடப் போகவில்லை, தூக்கம் வரவில்லை என்று சொல்லத்தான் போனேன்.

கவுன்சிலர் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். மணி, இடம், கூட யார், அதற்கு முன்னால் என்ன நடந்தது, எத்தனை, எவ்வளவு காசு. அவ்வளவுதான், குறைக்கச் சொல்லவில்லை, எழுதச் சொன்னார். சும்மா எழுதினாலே கொஞ்சம் குறையும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ரூமுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் முதல் ரோலைப் பற்றவைத்திருக்கிறேன், கிட்டத்தட்ட எல்லா நாளும். டீம் லீடர் திட்டிய நாள், பாராட்டிய நாள், லீவு நாள், வித்தியாசமே இல்லை. டென்ஷனுக்காக அடிக்கிறேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது நோட்டில் எங்கும் காணோம்.

அப்புறம் பேரம் ஆரம்பித்தது. "நிறுத்த வேண்டாம், குளிச்சிட்டு சாப்பிட்டுட்டு அடிக்க முடியுமா?" என்றார். முடிந்தது. வயிறு நிறைந்தபின் பாதி நாள் தூங்கிவிட்டேன். அடுத்தது, வாங்குவதைச் சின்னப் பொட்டலமாக வாங்குவது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் கையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் தீரும் வரை தூக்கம் வராது, இது அடித்தவனுக்குத் தெரியும். அதற்கடுத்தது தனியாக அடிப்பதில்லை என்று ஒரு விதி, பிறகு ஆபீஸ் நாளில் இல்லை.

இங்கே யாரும் பேசாத ஒரு விஷயம் சிகரெட். நம் ஊரில் சிகரெட்டைப் பிரித்து அந்தத் தூளோடு கலந்துதான் உருட்டுகிறோம். கஞ்சாவைக் குறைத்த வாரம் என் சிகரெட் கன்னாபின்னாவென்று ஏறியது. எனக்கு இருந்த தவிப்பில் பாதி நிகோடினுக்கானது என்று கவுன்சிலர் சொன்னபிறகுதான் புரிந்தது. நிகோடின் சூயிங்கம் வாங்கித் தனியாக அதையும் பார்க்க வேண்டியிருந்தது. மாடிப்படி, உங்கள் தம்பி எப்படி உருட்டுகிறான் என்று உங்களுக்குத் தெரியாது, கவுன்சிலரிடம் இதை அவனே சொல்லட்டும்.

கஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் வாரம் நரகம். ராத்திரி வேர்த்துக் கொட்டும், சோறு இறங்காது, கனவு ஒவ்வொன்றும் அகலத்திரையில் வரும். அம்மா போன் பண்ணி "சாப்டியா" என்றாலே எரிந்து விழுவேன்.

மனநலப்பணி

இந்தக் கடைசிப் பத்தியை வீட்டில் எல்லாரும் படிக்க வேண்டும். கஞ்சாவுக்கு நிறுத்தும்போது வரும் உபாதையே கிடையாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் அது தனியாகவே சேர்க்கப்பட்டது. எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, பயமுறுத்தும் கனவுகள். நிறுத்தி ஒன்றிரண்டு நாளில் ஆரம்பிக்கும், முதல் வாரத்தில் உச்சம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும், தூக்கம் மட்டும் சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். குடியை திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, கஞ்சாவில் அப்படி இல்லை. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? பையன் நாலாவது நாள் கத்துவான், "விட்டுட்டேன்னு சொன்ன, பாரு எப்படி கத்துற, இதுக்கு அடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அன்று ராத்திரியே மாடிக்குப் போய்விடுவான்.

கஞ்சாவை விடவைக்க என்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை எதுவும் இல்லை. தூக்கத்துக்கோ மனச்சோர்வுக்கோ டாக்டர் ஏதாவது எழுதலாம். ஊசி போட்டு விடவைக்கிறோம் என்று எவனாவது விளம்பரம் செய்தால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பென்ஷன்தாரர்

எல்லாம் சரி, ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. குளித்துவிட்டு அடி, சாப்பிட்டுவிட்டு அடி என்று சொல்வதற்கு ஒரு படித்த ஆளா? தப்பு என்றால் தப்பு. பாதித் தப்பு என்று ஒன்று உண்டா? குறைத்துக்கொள் என்றால் அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா? விடுவது என்றால் ஒரே அடியாக விட வேண்டும், நான் பொடியை அப்படித்தான் விட்டேன்.

மெரினா_வாக்கிங்

சார், பொடியை விட்டதற்கு வாழ்த்துகள். நான் யாரிடமும் அனுமதி கேட்டு ஆரம்பிக்கவில்லை. ஒரே அடியாக விடு என்று சொல்லியிருந்தால் இரண்டாவது தடவை அந்தப் படி ஏறியிருக்கவே மாட்டேன்.

மனநலப்பணி

பென்ஷன்தாரர் சார் சொல்வதை நான் ஒதுக்கவில்லை. சிலருக்கு முழுசாக நிறுத்துவது ஒன்றுதான் வழி. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள், வீட்டுச் சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறவன், குடும்பத்தில் அப்படி மனநோய் இருந்தவன், 18 வயது ஆகாதவன், கர்ப்பிணி. இவர்களிடம் நான் குறைப்பதைப் பற்றிப் பேரம் பேசுவதில்லை. குரல், சந்தேகம் இதெல்லாம் இருந்தால் கவுன்சிலிங்குக்குக்கூடக் காத்திருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

மாடிப்படி தம்பி விஷயத்தில் இன்னொன்றையும் பேரத்துக்கு வெளியே வைப்பேன். வண்டி ஓட்டப் போகும் முன் அடிப்பது. மவுன்ட் ரோட்டில் ராத்திரி டிராஃபிக்கில் எதிரே திடீரென்று ஒருவன் திரும்பினால் பிரேக் பிடிக்கிற அந்த அரை நொடியைத்தான் கஞ்சா தின்கிறது. ராத்திரி வீட்டில் அடிக்கும் மூன்றை அப்புறம் பார்க்கலாம், முதலில் போக வேண்டியது அந்தச் சாயங்கால ஒன்று. குறைப்பது என்றால் எண்ணிக்கை மட்டுமில்லை சார், எந்த ஒன்று அதிக ஆபத்து என்று பார்த்து அதை முதலில் எடுப்பது.

எண்கணக்கு

பொது சுகாதாரம் படிக்கிறேன், ஆதலால் கொஞ்சம் தரவு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016ல் இதைப் பற்றி வந்த 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 4045 பேர். ஊக்கப்படுத்தும் பேச்சும், நடத்தையை மாற்றப் பழக்கும் சிகிச்சையும் இரண்டும் சேர்ந்ததற்குத்தான் ஆதாரம் வலுவாக இருந்தது, அதுவும் நாலு அமர்வுக்கு மேல், ஒரு மாதத்துக்கு மேல் நடந்தால் பலன் கூடுதல். முழுசாக நிறுத்தியவர்கள் குறைவு, குறைத்தவர்கள் அதிகம்.

அதற்கு முன்பே 2004ல் அமெரிக்காவில் 450 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு ஒன்பது அமர்வு, இன்னொன்றுக்கு இரண்டு, மூன்றாவது குழு சிகிச்சைக்குக் காத்திருந்தது. நாலு மாதம் கழித்துப் பார்த்தால், புகைத்த நாட்கள் ஒன்பது அமர்வுக்காரர்களிடம் ஏறக்குறைய 59 சதவீதம் குறைந்திருந்தது, இரண்டு அமர்வுக்காரர்களிடம் 36, காத்திருந்தவர்களிடம் 16. முழுசாக விட்டவர்கள் என்று பார்த்தால் ஒன்பது அமர்விலும் நூற்றுக்கு 23 பேர்தான். எனவே பென்ஷன்தாரர் சார் கணக்குப்படி மீதி 77 பேரும் தோல்வி. நான் அப்படிப் படிக்க மாட்டேன்.

நம் நாட்டையும் சேர்த்து ஒன்று: போதைப் பழக்கத்தைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் தயாரித்த அசிஸ்ட் கேள்வித்தாளை வைத்து ஆஸ்திரேலியா, பிரேசில், இந்தியா, அமெரிக்கா நாலிலும் ஒரு சோதனை நடந்து 2012ல் வெளிவந்தது. சாதாரண மருத்துவமனைக்கு வேறு எதற்கோ வந்தவர்களிடம் ஒரே ஒரு சுருக்கமான பேச்சு. மொத்தமாகப் பார்த்தால் பயன்பாடு குறைந்தது, அமெரிக்காவில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

கோயம்பேடு_கோபு

பெரம்பூரில் ஒரு தம்பியைப் பற்றிக் கேட்டால் பிரேசில் வரை போய்விட்டோம்.

எண்கணக்கு

சரி, ஊருக்கே வருகிறேன். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளிவந்த கணக்கெடுப்பில், கஞ்சா வகைப் பிரச்சினைக்காக உதவி தேவைப்படுகிறவர்கள் நாடு முழுக்க சுமார் 72 லட்சம் பேர். இவர்கள் வீட்டிலெல்லாம் இதே பேச்சுதான் நடந்துகொண்டிருக்கும்.

சட்டப்புள்ளி

அந்த வேன் விஷயத்தை யாரும் தொடவில்லை. நான் ஐகோர்ட்டில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் போதைப் பழக்கத்தால் வரும் நிலைகளும் அடங்கும். ஒருவரை அவர் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமானால் பிரிவு 89 வழியாகத்தான். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும், தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற நிலை இருக்க வேண்டும், அப்போதும் 30 நாள்தான் முதல் வரம்பு. ஆள் அனுப்பித் தூக்குவது, போன் பிடுங்குவது, மூன்று மாதம் முகம் காட்டாமல் வைப்பது, இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை. சங்கிலி போடுவதற்குத் தனியாகவே தடை இருக்கிறது. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் கருகியது நம் மாநிலத்தில்தான் நடந்தது, அதை மறந்துவிட்டு வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொரு பயம் எல்லாருக்கும் இருக்கும்: ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களா? அதே சட்டத்தின் பிரிவு 23ன்படி சிகிச்சை விவரம் ரகசியம். அப்புறம் 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்த அடிமைப்பட்டவர், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். இதை யாரும் காவல் நிலையத்தில் உங்களிடம் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒன்று, தம்பி நண்பர்களுக்கும் சேர்த்து வாங்கிக்கொடுக்கிற ஆளாக இருந்தால் விஷயமே வேறு. விற்பனை என்று எழுதிவிட்டால் இந்தப் பிரிவு உதவாது. கஞ்சா வேட்டை என்று போலீஸ் இறங்குகிற மாதங்களில் எத்தனை பையன்கள் இப்படி மாட்டினார்கள் என்று எனக்குத் தெரியும்.

மாடிப்படி

எல்லாருக்கும் நன்றி. சட்டப்புள்ளி சார் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வேன்காரர்களுக்கு போன் பண்ணிப் பதிவு எண் கேட்டார், "அதெல்லாம் நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்" என்றார்களாம். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்போது எங்கே போவது? தனியார் என்றால் ஒரு தடவைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐநூறு என்கிறார்கள். வாரா வாரம் கட்டுப்படியாகாது. தம்பியிடம் எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

வார்டு_சிஸ்டர்

பெரம்பூரிலிருந்து உங்களுக்கு மிகவும் பக்கம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, அயனாவரத்தை ஒட்டி மேடவாக்கம் டேங்க் ரோட்டில். கீழ்ப்பாக்கம் என்றாலே ஊரே கிண்டல் செய்யும், அதனாலேயே பாதிப் பேர் வருவதில்லை. 1794ல் ஆரம்பித்த நிறுவனம், போதை மீட்புக்குத் தனிப் பிரிவே உண்டு, காசு வாங்க மாட்டார்கள். அந்தப் பெயரே பிடிக்காது என்றால் சென்ட்ரல் எதிரே ஜிஹெச், இல்லை ஸ்டான்லி, மனநலப் பிரிவு ஓபி இரண்டிலும் இருக்கிறது. 2025ல் அரசு ஆரம்பித்த கலங்கரை மையங்களும் இதற்காகத்தான். தொண்டு நிறுவனம் என்றால் அடையாறு இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை, சாந்தி ரங்கநாதன் 1980ல் ஆரம்பித்தது. அங்கே கட்டண விவரம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14416க்கு போன் பண்ணச் சொல்லுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். போதைக்கென்றே 14446 இருக்கிறது. பல பையன்கள் முதலில் போனில் பேசிவிட்டுத்தான் வருகிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கும், அதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அரை நாள் போய்விடும். காலையில் சீக்கிரம் வந்து டோக்கன் போடுங்கள், அவனைச் சாப்பிட வைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பசியோடு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தால் எவனும் எழுந்து போய்விடுவான்.

இரவுப்பணி

இந்த இழையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நானும் தினமும் அடிக்கிறேன், வீட்டில் தெரியாது. வெளியூர் கம்பெனி ஒன்றில் மெடிக்கல் டெஸ்ட் வைப்பார்கள் என்கிறார்கள். எத்தனை நாள் நிறுத்தினால் சிறுநீரில் தெரியாது?

மனநலப்பணி

தினமும் அடிக்கிறவருக்கு ஒரு மாதம் வரைகூடத் தெரியலாம், கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி என்ற பொருள் உடம்புக் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். எலுமிச்சை, வினிகர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டெஸ்டுக்காக நிறுத்துவதும் ஒரு காரணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு மாதத்தில் எப்படி இருந்தது என்று வந்து எழுதுங்கள்.

மாடிப்படி, தம்பியிடம் ஆரம்பிப்பது பற்றி. அவன் போதையில் இருக்கும்போது பேச வேண்டாம், அப்பா அம்மா நீங்கள் மூவரும் வட்டமாக உட்காரவும் வேண்டாம். பகலில், அவன் எழுந்து டீ குடித்தபின், நீங்கள் மட்டும். "நீ ஏன் இப்படி இருக்க" என்று தொடங்காதீர்கள், நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள், அதனால் உங்களுக்கு என்ன பயம் என்று சொல்லுங்கள், ஒருவரைப் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள், நிறுத்திவிடுங்கள். இரண்டு நிமிஷம் போதும். மறுத்தால் விவாதம் செய்யாமல் விட்டுவிட்டு வேறொரு நாள் கேளுங்கள்.

குடும்பத்துக்கென்றே ஒரு முறை இருக்கிறது, அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கியது. அடிக்காமல் இருக்கும் நேரத்தில் அவனோடு நன்றாக இருங்கள், பிடித்ததைச் சமையுங்கள், கிரிக்கெட் பாருங்கள். அடித்திருக்கும்போது சண்டையும் வேண்டாம் கொஞ்சலும் வேண்டாம், எழுந்து போய்விடுங்கள். அவன் கடனை அம்மா ரகசியமாக அடைக்கிற வேலை நிற்க வேண்டும். நம் வீடுகளில் இதுதான் கஷ்டம், அப்பா கையை ஓங்குவார், அம்மா அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார், இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

பென்ஷன்தாரர்

அஞ்சறைப் பெட்டி விஷயம் நூற்றுக்கு நூறு. எங்கள் தெருப் பையனுக்கும் பணம் அப்படித்தான் போனது.

மாடிப்படி

தாமதமாக எழுதுகிறேன். முதல் தடவை கேட்டபோது எழுந்து போய்விட்டான். இரண்டாவது தடவை, "போலீஸ் கேஸ் ஆகாதுல்ல?" என்று மட்டும் கேட்டான். 64ஏ பற்றிச் சொன்னேன், அதை அவனே போனில் தேடிப் படித்தான். போன வாரம் போனோம். நான் வெளியே பெஞ்சில். அரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தான். வெளியே வந்து, "திட்டவே இல்லக்கா" என்றான், ஏதோ குறை சொல்வது மாதிரி. வண்டி எடுக்கும் முன் அடிக்கும் அந்த ஒன்றை மட்டும் இந்த வாரம் விட்டுப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறானாம். ஏழு மணி வரை கடுகடுவென்று இருக்கிறான், அப்புறம் சரியாகிவிடுகிறான். ராத்திரி மாடி அப்படியேதான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

அப்பா இப்போது தானும் கூட வந்து கவுன்சிலரிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்கிறார். கூட்டிக்கொண்டு போகலாமா?

மனநலப்பணி

தம்பியிடம் கேளுங்கள். சரி என்றால் கடைசிப் பத்து நிமிஷம் சேர்ந்து உட்காரலாம். வேண்டாம் என்றால் அப்பாவுக்கென்று தனியாக ஒரு நேரம் கேட்டு வாங்குங்கள், குடும்பத்தாரையும் பார்ப்பார்கள். தம்பி உள்ளே சொன்னதை அப்பாவிடம் கவுன்சிலர் சொல்ல மாட்டார், அதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே போய்க் கோபப்படுவார். நடுவில் ஒரு நாள் சாயங்காலமும் அடித்துவிட்டான் என்றால், அன்றைக்கு என்ன நடந்தது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அடுத்த அமர்வில் பேசுவதற்கு அதைவிட உபயோகமானது வேறில்லை.

வார்டு_சிஸ்டர்

அந்த ஓபி சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். கவுன்சிலர் எந்தக் கிழமை, எந்த அறை என்று அதன் பின்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேறு கிழமையில் போனால் வேறொருவர் இருப்பார், அவன் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும், பாதிப் பையன்கள் அந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள்.